பூனைக்குட்டியும் காதுகுத்தும்

தேவிக்கு,

நீ போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனில் நான் என்ன பேசினாலும் சண்டை போடுகிற மாதிரியே கேட்கிறது. "ஏம்ப்பா கத்துற?" என்று நீ கேட்பாய். "நான் எங்க கத்துறேன்?" என்று நான் கத்துவேன். உன் அம்மா இருந்தவரை நடுவில் போனை வாங்கிப் பேசி முடித்து வைப்பாள். இப்போது அதற்கும் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். தாளில் எழுதினால் என் குரல் உனக்குக் கேட்காது, நீயும் பாதியில் வைக்க முடியாது.

ஆவணியில் மயிலம் கோயிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து என்றாய். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, அதனால் எங்கப்பா மடியில்தான் என் பெண் உட்காருவாள் என்று உன் மாமியார் வீட்டில் அடித்துப் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் "என்னால முடியாது தேவி" என்றேன். ஏன் என்று கேட்டாய். அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்தது பார், "வீட்ல ஒரு பூனைக்குட்டி கீது" என்று சொன்னேன். "பூனை முக்கியமா, உன் பேத்தி முக்கியமா, அத மொதல்ல சொல்லுப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் நான் சொன்னது சாக்கு இல்லை. அந்தப் பூனைக்குட்டிக்கும் நான் மாட்டேன் என்றதற்கும் சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படி.

போன தை மாதம் மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்து நீங்கள் பூனாவிலிருந்து விழுப்புரத்துக்கு வந்த அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. மூன்று வயது வரைக்கும் பேத்தியைப் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தவன். ஸ்டேஷனில் நீங்கள் இறங்கியதும், "வாடீ என் தங்கம்!" என்று கையை நீட்டினேன். அந்தக் குரலில் நாலாவது பிளாட்பாரத்தில் நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்திருப்பான். பாப்பா வீல் என்று கத்தி உன் காலைக் கட்டிக்கொண்டாள். அதோடு விட்டிருந்தால் போதும். "தாத்தாடி, தாத்தாகிட்ட போ" என்று நீ தள்ளினாய். "இன்னா பயம், நம்ம தாத்தாதான்" என்று உன் மாமியார் தள்ளினார்கள். கடைசியில் மாப்பிள்ளை அவளைத் தூக்கி என் கையிலேயே வைத்துவிட்டார். குழந்தை அழக்கூட இல்லை தேவி. விறைத்துப் போயிருந்தாள். கண் மட்டும் உன்னைத் தேடியது. கொஞ்ச நேரத்தில் என் சட்டை நனைந்தது. எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ் ஏறித் திண்டிவனம் வரும் வரைக்கும் சட்டை காயவில்லை. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்க்கிறேன். என் குரல் வாசலில் கேட்டதும் அவள் ஜன்னல் துணிக்குப் பின்னால் போய்விடுகிறாள். கால் இரண்டும் கீழே தெரியும். நீ போய் இழுத்துக்கொண்டு வந்து முத்தம் கொடுக்கச் சொல்வாய். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்துவிட்டு ஓடுவாள். நான் மெல்ல மெல்ல வருவதைக் குறைத்துக்கொண்டேன். முட்டி வலி என்றேன், வெயில் என்றேன். வலியும் உண்டு, வெயிலும் உண்டு. ஆனால் காரணம் அது இல்லை.

என் குரலை நான் குறை சொல்ல முடியாது. நம் குடும்பம் சாப்பிட்டதே அதில்தான். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கூவி ஆள் ஏற்றுகிற வேலை. "பாண்டி பாண்டி பாண்டி! மரக்காணம் மரக்காணம்! செஞ்சி, திருவண்ணாமலை ஏறு!" என்று காலையிலிருந்து இருட்டும் வரைக்கும். ஹாரனுக்கு மேலே, டீக்கடை ரேடியோவுக்கு மேலே, அடுத்த பஸ் கம்பெனிக்காரனுக்கு மேலே கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் தொண்டை இறங்காது. சோறு போடு என்பதையும் அப்படித்தான் சொல்வேன், உன்னைக் கொஞ்சுவதையும் அப்படித்தான் செய்வேன். "நான் ஒண்ணும் பஸ்ஸ வுட்டுட்டு நிக்கல, மெதுவா சொல்லு" என்பாள் உன் அம்மா. அன்பு அதிகமானால் சத்தமும் அதிகமாகும், அதுதான் எனக்குத் தெரிந்த வழி. வேறு வழி யாரும் சொல்லித் தரவும் இல்லை, எனக்குத் தேவைப்படவும் இல்லை.

சித்திரை வெயிலில்தான் அந்தக் குட்டி வந்தது. அதன் தாய் மேம்பாலத்துப் பக்கம் லாரியில் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்ததாக மீன்காரக் கலா சொன்னாள். உனக்குக் கலாவைத் தெரியாது. மரக்காணத்திலிருந்து காலை பஸ்ஸில் கூடையோடு வந்து நம் தெருவில் மீன் விற்கிறவள். நம் கொல்லைப்புறத்தில் மதில் மேல் சாய்த்து வைத்திருக்கிற பழைய சிமெண்ட் ஷீட்டுக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தது. சாம்பல் நிறம், நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை. என் கை அகலம்கூட இல்லை. கத்தக்கூடத் தெம்பு இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடும்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். கிண்ணத்தில் பால் ஊற்றி ஷீட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "வா வா வா வா! வாடா கண்ணு!" என்று கூப்பிட்டேன். ஷீட்டுக்குப் பின்னால் இன்னும் உள்ளே போய்விட்டது. கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். கொல்லை வாசலில் நின்ற கலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாங்கண்ணா, பஸ்ஸுக்கு ஆள் ஏத்துற மாதிரி கூவிக்கினு கீறீங்க? அது இன்னா பாண்டிக்கா போவப்போவுது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்ய வந்தவனைக் கண்டு ஒரு பூனைக்குட்டி இப்படி ஓடுகிறதே என்று அதன் மேலும் கோபம் வந்தது. பால் திரிந்து எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். நான் உள்ளே போய்ப் படுத்த பிறகுதான் அது கிண்ணத்துப் பக்கமே வரும், அதுவும் காக்கை மிச்சம் வைத்தால்.

ஒரு நாள் மத்தியானம் எனக்கு ஒன்றுமே முடியவில்லை. வெயிலில் மாத்திரை வாங்கப் போய்விட்டு வந்து கால் இரண்டும் கடுத்தது. நெத்திலிக் கருவாடு பிசைந்த சோற்றை ஷீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எழுந்து உள்ளே போகத் தெம்பு இல்லாமல் துணி துவைக்கிற கல்லில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கூப்பிடவில்லை, பார்க்கவும் இல்லை. அது வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று இருந்தது. கொஞ்சம் கழித்து மெல்லுகிற சத்தம் கேட்டது. அரைக்கண்ணைத் திறந்தேன். என் காலிலிருந்து ஒரு முழத்தில் நின்று தின்றுகொண்டிருந்தது. நான் மூச்சை இழுத்ததும் நிமிர்ந்து பார்த்தது, பிறகு மறுபடியும் தின்றது.

அதற்குப் பிறகு அதையே வேலையாக வைத்துக்கொண்டேன். சோற்றை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது. கையில் கொஞ்சம் அவித்த மல்லாட்டைக் கடலை இருக்கும், அதை உரித்துத் தின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். நேராகக் கண்ணைப் பார்த்தால் அதற்குப் பிடிக்காது. சட்டென்று எழுந்தால் பிடிக்காது. தும்மினால் அன்றைக்கு அவ்வளவுதான். பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் ஓடிவிடும். வாழ்க்கை முழுக்க ஆட்களைக் கூப்பிட்டே பிழைத்தவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. தட்டைத் தினமும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினேன். பிறகு தட்டை விட்டுவிட்டு உள்ளங்கையில் வைத்தேன். மீசை என் விரலில் பட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு நாள் தின்று முடித்து என் முட்டியில், வலிக்கிற முட்டியில், தலையைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. உன் அம்மா போன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை தேவி. உன்னிடம் போனில் சொல்ல நினைத்தேன். பூனை முட்டியில் தேய்த்ததை எல்லாம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அதைக் கெடுத்ததும் நான்தான். அதன் இடது கண்ணில் சீழ் கட்டி இமை ஒட்டிக்கொண்டது. நீ வாங்கிக் கொடுத்த செல்லில் படம் எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். தினமும் மருந்து போட வேண்டும், விட்டால் கண் போய்விடும் என்று டாக்டரம்மா ஒரு டியூப் கொடுத்தார்கள். எனக்குப் பதற்றம். ஜல்தியாக முடித்துவிட வேண்டும் என்று, அது என் உள்ளங்கையில் தின்றுகொண்டிருக்கும்போதே மறு கையால் துண்டைப் போட்டு அமுக்கிவிட்டேன். அது போட்ட கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கையெல்லாம் கிழித்தது. "உன் நல்லதுக்குத்தான்டா, உன் நல்லதுக்குத்தான்டா" என்று பழைய குரலில் கத்திக்கொண்டே மருந்தைப் போட்டேன். கையை எடுத்ததும் பாய்ந்தது பார், மதில் ஏறிப் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது.

திரும்பி வந்தது, பசி இருக்கிறதே. ஆனால் நான் கண்ணில் பட்டால் சோற்றைத் தொடாது. கல்லில் சாய்ந்து பார்த்தேன், கண்ணை மூடிப் பார்த்தேன், மல்லாட்டை உரித்துப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. கொடியில் துண்டு ஆடினாலே ஓடியது. முதலில் அதற்கு என்னைத் தெரியாது, அதனால் பயந்தது. அதைச் சரிசெய்ய முடிந்தது. இப்போது தெரிந்து பயப்படுகிறது. சோறு வைத்த கையே பிடித்து அமுக்கும் என்று ஒரு முறை கண்டுவிட்டது. அதற்கு நான் என்ன சொல்லிப் புரியவைப்பேன்? கண்ணுக்கு நல்லதுதான் செய்தேன் என்று நானும் அந்த டாக்டரம்மாவும் பேசிக்கொள்ளலாம். அதற்கு அது தெரியாது.

கண்ணுக்கோ மருந்து போட்டே ஆக வேண்டும். கலாவிடம் புலம்பினேன். "இதுக்கா இம்மாம் பேஜாரு? நீங்க உள்ள போங்கண்ணா, நான் புடிச்சிப் போடுறேன்" என்றாள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு இருமல்கூட வெளியே கேட்கக் கூடாது. அவள் மீன் தலையைக் காட்டிப் புடவைத் தலைப்பால் பிடித்து மருந்தைப் போட்டு விட்டுவிடுவாள். அவள் தெருக்கோடிக்குப் போன பிறகு நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி சோற்றோடு வெளியே வருவேன். முழங்கை வரைக்கும் கீறலைக் காட்டி, "நல்லாக் கீதுண்ணா உங்க நியாயம்! திட்டு எனக்கு, முத்தம் உங்களுக்கா?" என்று அவள் சிரித்தாள். அவளுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அவளுக்கு வீட்டில் வேறு பூனை இருக்கிறது, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கு இது ஒன்றுதான். கண் ஆறிவிட்டது. கலாவின் கூடைச் சத்தம் கேட்டால் இன்னும் ஷீட்டுக்குப் பின்னால் போகிறது. என்னிடம் இன்னும் முழுசாக வரவில்லை. உள்ளங்கைக்கு வரவில்லை, தட்டுக்கு வருகிறது. இந்த நிலைமையில்தான் உன் போன் வந்தது.

இப்போது உன் காதுகுத்தைச் சொல்கிறேன். தொண்ணூற்று மூன்றில், அதே மயிலம் கோயிலில். உனக்கும் அப்போது மூன்று வயதுதான். உன் மாமா, உன் அம்மாவின் தம்பி, வல்லத்திலிருந்து புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அதுவரைக்கும் நீ அவர் தோளை விட்டு இறங்கமாட்டாய். அவர் வந்தால் உனக்கு எங்கள் நினைப்பே வராது. அவர் மடியில் உன்னை உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் நீ துள்ளினாய். "புடி புடி, தலைய புடி!" என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் கத்தினோம், அதில் என் குரல்தான் பெரிசு. அவர் உன்னை இறுக்கிப் பிடித்தார். இரண்டு காதும் முடிந்தது, மிட்டாய் கொடுத்தோம், பந்தி போட்டோம். அன்றோடு நீ அவரிடம் போவதை விட்டுவிட்டாய்.

பிள்ளைதானே, மறந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். நீ மறக்கவில்லை. எதற்கென்று உனக்கு மறந்து போயிருக்கலாம், ஆனால் அவரைக் கண்டால் உன் அம்மாவின் பின்னால் போவது மட்டும் நிற்கவில்லை. அறுவடைக்கு அறுவடை மல்லாட்டை மூட்டையோடு வருவார். பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு நிற்பார். நீ அவர் போன பிறகு எடுத்துக்கொள்வாய். ஒரு முறை ஊருக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் இன்னா மாமா பண்ணேன் அதுக்கு? எல்லாரும் புடின்னீங்க, புடிச்சேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் செஞ்சி பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நீ பெரிய பெண்ணாகி, அவரோடு உட்கார்ந்து சிரித்துப் பேசத் தொடங்கியபோது உனக்குப் பதினாலு பதினைந்து வயது இருக்கும். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. அவர் காரியத்தன்று நீ அழுத அழுகை எனக்குத் தெரியும். உன் அம்மா போனபோதுகூட நீ அப்படி அழவில்லை.

அவருக்காவது காத்திருக்க வருஷங்கள் இருந்தன. எனக்கு இருக்கிறதா சொல். என் வயசும் உனக்குத் தெரியும், நான் முழுங்குகிற மாத்திரையும் உனக்குத் தெரியும். ஏற்கெனவே என் குரலைக் கேட்டாலே ஒளிகிற குழந்தை. அவளை என் மடியில் போட்டு, இந்தக் கையால் அமுக்கிப் பிடித்துக் காது குத்தினால், அவள் என்னிடம் வருவதற்குள் நான் போய்விடுவேன் தேவி. எனக்கு அந்தப் பயம்தான். பூனைக்குட்டி என்று உளறினேனே தவிர, சொல்ல வந்தது இதுதான்.

உனக்கு அண்ணன் முறையில் வானூரில் சித்தி மகன் குமார் இருக்கிறான். முறைக்கு முறையும் ஆயிற்று, பாப்பாவுக்கு அவனைப் பிடிக்கும் என்று நீயே சொன்னாய். அவன் மடியில் உட்காரட்டும். பாவம், அவன் மேல் அவளுக்குக் கொஞ்ச காலம் கோபம் இருக்கும். இருக்கட்டும், சின்ன வயசுக்காரன், அவன் தாங்குவான், அவனுக்குக் காலம் கிடக்கிறது. நான் அவனிடம் பேசிவிட்டேன். "அடி எனக்கு, பேரு உங்களுக்கா பெரியப்பா?" என்றுதான் அவனும் கேட்டான், பிறகு சரி என்றான். நான் ஊசி குத்துகிற இடத்துக்கே வரமாட்டேன். கோயில் வாசலில் நிற்கிறேன். முடிந்த பிறகு நீ அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வா. உன் மாமியார் கேட்டால் அப்பாவுக்கு முட்டி மடங்காது என்று சொல். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், உனக்கு அது சங்கடம்தான். என் மடியில்தான் என்று நீ ஆசைப்பட்டதை நான் அற்பமாக நினைக்கவில்லை. அந்த ஆசையைக் கேட்டுவிட்டுத்தான் நான் தூங்காமல் கிடந்தேன்.

அதற்கு முன்னால் வாரம் ஒரு நாள் விழுப்புரம் வருகிறேன். மத்தியான பஸ்ஸில் வந்து, உங்கள் கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் சுவரோரமாக உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு ஒன்றும் வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடு. பொம்மை வாங்கிக்கொண்டு வரமாட்டேன். அவளிடம் பேச்சுக் கொடுக்கமாட்டேன், அவளைப் பார்க்கவும் மாட்டேன். பேப்பர் இருந்தால் படித்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் நடக்காமல் சாயங்காலம் திரும்பிப் போனாலும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படாதே. எனக்கு இப்போது ஓடியாட முடியவில்லை, சும்மா உட்கார்ந்திருக்க முடிகிறது. அது போதும் என்று நினைக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். கதவைத் திறந்துவிட்டு நீ உன் வேலையைப் பார். "தாத்தா வந்திருக்காரு பாரு" என்று அவளைக் கூப்பிடாதே. நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியும்.

அப்பா